மோரில் ஒரு சிட்டிகை

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி ஒரு மாவு மில்காரர் புது வருடத்துக்குக் கொடுத்தது. அட்டையில் தங்க நிறத்தில் கோதுமைக் கதிர், உள்ளே ஒவ்வொரு பக்க மூலையிலும் ஒரு குட்டிக் கதிர். ஐந்து மாதமாக டிவிக்கு அடியில் தூசி தின்றுகொண்டிருந்தது. இன்று டாக்டர் ரெஜினா, "பொண்ணு என்ன சாப்பிடுறான்னு தினம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க சார்" என்றதும் கையில் கிடைத்தது இதுதான்.

பொண்ணு என்றால் தமயந்தி. ஒரே மகள், வயது பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பிரேயரில் வரிசையின் முதல் ஆள். பக்தியால் அல்ல, உயரம் போதாததால். இரண்டு வருடமாக இரும்புச் சத்து டானிக் குடித்தும் ரத்தம் ஏறவில்லை. வாயில் புண், வயிறு உப்புசம், நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். பூச்சி மருந்து, மந்திரித்த கயிறு, ஈரல் சூப் எல்லாம் ஆயிற்று. கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் பெயர் சொல்லிவிட்டார். சீலியாக். கேட்க வெளிநாட்டுச் சோப்பு மாதிரி இருக்கிறது.

கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதமாம். மாவைப் பிசைந்தால் இழுவை கொடுப்பது அதுதான். மாஸ்டர் வீசும்போது பரோட்டா கிழியாமல் விரிவது அதன் புண்ணியம். அது உள்ளே போனதும் என் மகளின் உடம்பு எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத் தன் குடலையே போட்டு அடிக்கிறது. குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன இழைகள் இருக்கும், இவளுக்கு அவை தேய்ந்து மொட்டையாகிவிட்டன. நான் வாங்கிப்போட்ட ஈரல் எல்லாம் வீண்.

"எவ்வளவு குறைக்கணும் டாக்டர்?"

"குறைக்கிறதில்ல சார், நிறுத்தணும். ஆயுசுக்கும். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கூடாது. ஒரு துணுக்கு போனாலும் குடல் ஆறாது. அப்புறம், இது குடும்பத்துல ஓடும். நீங்களும் அவங்கம்மாவும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

என் மனைவி மங்கையர்க்கரசி உடனே கையை நீட்டினாள். எனக்கு அவசரமாக ஒரு ஆர்டர் எடுக்கப் போக வேண்டியிருந்தது.

ஜூன் 5, புதன்

அரசி சமையலறையில் ரெய்டு நடத்தினாள். (பெயரைச் சுருக்கினாலும் அதிகாரம் சுருங்கவில்லை.) ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. எதிர்வீட்டுக்காரர்கள் எங்களுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். பார்லி இருக்கிறது என்று, பாலில் கலக்கும் சத்துமாவு டப்பாவும் போயிற்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படித்தாள்.

எங்கள் மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவையும் கையில் எடுத்தாள்.

"அதுல படிக்க என்ன இருக்கு? நான் எழுதுனதுதான்" என்றேன். வைத்துவிட்டாள்.

நான் 'மூணு பூட்டு' பெருங்காயக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. மதுரையிலிருந்து கம்பம் வரை மளிகைக் கடைகள் எல்லாம் என் வாசனை அறியும். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலி. டப்பாவில் இருக்கும் 'வயிற்றுக்கு வாத்தியார், மோரில் ஒரு சிட்டிகை!' என் சரக்கு. முதலாளி அண்ணாச்சி அதற்காக எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு இரவு என்றால் எங்கள் வீட்டில் பரோட்டா. இன்று ஆப்பம். தமயந்தி சாப்பிட்டுவிட்டாள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. பேனா வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு முனைக் கடைக்குப் போய் நின்றபடியே இரண்டு பரோட்டா. இலையைத் தூரப் போட்டு, வாயைக் கொப்பளித்து, பாக்கு மென்று வந்தேன்.

"அப்பா, சால்னா வாசம் வருது."

"கடை வழியா வந்தேன்டா, சட்டையில ஒட்டிருக்கும்."

பேனா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டது. வயசாகிறது.

ஜூன் 21, வெள்ளி

சகலை வந்திருந்தார். அரசியின் தங்கை வீட்டுக்காரர், பெரியகுளம். சர்க்கரை வந்ததிலிருந்து மூன்று வேளையும் சப்பாத்தி தின்று, அரிசி தின்கிற எல்லாரையும் பாவிகளைப் பார்ப்பது போலப் பார்ப்பவர்.

"டாக்டர் தப்பாச் சொல்லிருப்பாங்க. அரிசியத்தான் நிறுத்தச் சொல்லுவாங்க. கோதுமை சத்துல்ல?"

"இவளுக்கு அது விஷம்."

"நம்ம ஊர்ல யாருக்கு இது வந்திருக்கு? வடநாட்டு வியாதியால்ல இருக்கு!"

தமயந்தி நிமிர்ந்து, "அது ரயில்ல டிக்கெட் எடுக்காம வந்துருச்சு போல சித்தப்பா" என்றாள். பிள்ளை என் பிள்ளைதான்.

இன்னொன்றும் எழுதிவைக்கிறேன். இவர் வீட்டில் பெருங்காயம் நுழையக் கூடாது, நாற்றத்தில் தலை சுற்றுமாம். இவரை எனக்குப் பிடிக்காததற்கான காரணங்களில் இதுதான் முதலாவது.

ஜூலை 2

இட்லி சாம்பார். சோறு ரசம். தோசை சாம்பார். நாளைக்கும் இதையே பார்த்துக்கொள்ளவும்.

ஜூலை 14, ஞாயிறு

மத்தியானம் தமயந்திக்கு வயிற்று வலி. சுருண்டு படுத்துவிட்டாள். ஆறு வாரமாகக் கோதுமை வாசமே இல்லை, பிறகு ஏன்? டாக்டருக்குப் போன் செய்தால், குடல் ஆற நாளாகும், பொறுங்கள் என்கிறார். என்னால் பொறுக்க முடியவில்லை. மோரில் பெருங்காயம் கலக்கிக் கொடுத்தேன். வழக்கமான சிட்டிகை போதாது என்று இன்னொரு சிட்டிகையும் போட்டேன். சொந்தச் சரக்கு, கஞ்சத்தனம் எதற்கு? குடித்துவிட்டுத் தூங்கினாள். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, வாத்தியார் இருக்கப் பயமேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

மைதா லாரி திருமங்கலத்தில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. கம்பெனியில் உற்பத்தி நின்றது. அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம், கோபம் வந்தால் மொத்தக் கடற்கரையும் வந்துவிடும்.

"ஏ பாண்டி, மைதா இல்லாம நா என்னத்தவே அரைக்க? வெறும் பாலையா டப்பால ஊத்த?"

அது பெருங்காயப் பால், செடியின் பிசின். அப்படியே போட்டால் ஒரு கடுகளவு மொத்தத் தெருவையும் துரத்திவிடும். மாவும் கோந்தும் சேர்த்து அதன் வேகத்தை அடக்கித்தான் டப்பாவில் அடைக்கிறோம். டப்பாவில் பாதிக்கு மேல் மாவுதான். நானே மில்லுக்குப் போய் வேறு லாரி பிடித்து, நாற்பது மூட்டையை இறக்கிவிட்டு, தலையெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வந்தேன். தமயந்தி என்னைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தாள். மைதா என்று அரசி பாதி வழியில் அவளைப் பிடித்து இழுத்துவிட்டாள். நல்லவேளை.

குளித்த பிறகு ரசம் சாதம் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அரசியின் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. "நீங்க எப்பப் போறீங்க?" என்றாள். ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றேன். பெருங்காயத்துக்கு ஏது ஆடித் தள்ளுபடி என்று கேட்டாள். எனக்கும் வாயில் புண். வெயில் சூடு.

செப்டம்பர் 12

மறுபடி வயிற்று வலி. மறுபடி மோர். இரண்டு சிட்டிகை.

அக்டோபர் 6, ஞாயிறு

காலாண்டு விடுமுறைக்குப் பெரியகுளம் போயிருந்த தமயந்தியைக் கூட்டி வந்தேன். நம்ப முடியவில்லை. கன்னத்தில் சதை. வயிறு வலிக்கவே இல்லையாம். சித்தி வீட்டு மாடிக்கு ஒரே ஓட்டமாக ஏறிக் காட்டினாள். சகலை ஏதோ தானே வைத்தியம் பார்த்த மாதிரி மீசையைத் தடவினார். அவருக்குத் தனிச் சப்பாத்தி, இவளுக்குத் தனிச் சோறு என்று சித்தி பாத்திரம் பிரித்து வைத்திருக்கிறாள். பெருங்காயம் இல்லாத ரசம், வாயில் வைக்க முடியவில்லை எனக்கு. பெரியகுளம் தண்ணீர் அப்படி, உடம்புக்குச் சேர்ந்திருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

வலி திரும்பிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரத்திலேயே. அரசி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கேன்டீனில் பப்ஸ் விற்கிறார்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஆறு மாதப் பரிசோதனை. ரத்தத்தில் பாதிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டிய வியாதியின் எண் அப்படியே நிற்கிறது. உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடக் கூடவில்லை. இந்த டைரியிலிருந்து தமயந்தியின் சாப்பாட்டு வரிகளை மட்டும் டாக்டருக்கு நானே படித்துக் காட்டினேன்.

"எங்கயோ கோதுமை உள்ள போகுது சார். இப்படியே விட்டா எலும்பு வீக்காகும், வயசுக்கு வர்றது தள்ளிப்போகும், வளர்ற வயசு கையவிட்டுப் போயிரும். அப்புறம் நெனச்சாலும் வராது."

நானும் அரசியும் ஒரே நேரத்தில் தமயந்தியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

டிசம்பர் 5, வியாழன்

தினமும் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடப் பையை நான் சோதிக்கிறேன். வாசலில் நிறுத்தி, ஜிப்பைத் திறந்து, ஜாமெட்ரி பாக்ஸ் வரை. வாயையும் ஊதச் சொல்கிறேன், போலீஸ்காரர் குடிகாரனிடம் செய்வதுபோல. அவள் நன்மைக்குத்தான்.

டிசம்பர் 9, திங்கள்

கிடைத்துவிட்டது. கணக்கு நோட்டுக்குள் கிரீம் பிஸ்கட் கவர்.

"இது என்ன?"

"எங்க கிளாஸ் ஷாஹின் தின்னுட்டுப் போட்டதுப்பா. நான் திங்கல. கவர் பளபளன்னு அழகா இருந்துச்சு, ஸ்டார் செய்யலாம்னு எடுத்து வச்சேன்."

"கவரத் தூக்கிட்டு வந்தவ பிஸ்கட்ட விட்டுட்டியாக்கும்?"

"சத்தியமாப்பா."

"திருட்டுக் கழுதை! ஒனக்காக இந்த வீடே வாயக் கட்டிக்கிட்டு இருக்கு!"

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீடேவா?" என்றாள்.

டிசம்பர் 10

தமயந்தி நாங்கள் சமைப்பதைத் தொட மாட்டேன் என்கிறாள். வெறும் சோறு, தயிர், உப்பு. "அப்பத்தான் நான் என்ன திங்கிறேன்னு ஒங்களுக்குத் தெரியும்." சாம்பார் வேண்டாம், ரசம் வேண்டாம், மோர்கூட வேண்டாம். என் ரத்தம்தானே, இரண்டு நாளில் இறங்கி வருவாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

இறங்கி வரவில்லை. சோறு, தயிர், உப்பு. ஒரு வாரம்.

வயிற்று வலி இல்லை. உப்புசம் இல்லை. வாய்ப் புண் காய்ந்துவிட்டது. இன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள், என்னைக் கண்டதும் நடந்தாள். கவர் பிடிபட்டதால் பிஸ்கட்டை விட்டுவிட்டாள் என்கிறாள் அரசி. இருக்கலாம்.

பெரியகுளத்திலும் இப்படித்தான் இருந்தாள்.

டிசம்பர் 18

இன்று எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

சமையலறையிலிருந்த மஞ்சள் டப்பாவை எடுத்துப்போய் வைகைப் பாலத்திலிருந்து வீசினேன். மூணு பூட்டுக்காரன் தன் சரக்கைத் தானே ஆற்றில் போடுவதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அஸ்தி என்று நினைத்திருப்பார்கள்.

"பெருங்காயம் எங்கங்க?"

"தீந்துபோச்சு."

"நம்ம வீட்டுலயா?"

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். இன்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பது மூட்டையைத் தோளில் வாங்கியவன் நான். தலையில் மாவோடு வந்தபோது என்னைக் குளிக்க அனுப்பிவிட்டு, நாங்கள் அந்த ரசத்தைத்தான் சாப்பிட்டோம். பத்தொன்பது வருட விற்பனையில் பெருங்காயம் எனக்கு மருந்தாகவே இருந்துவிட்டது, மாவாகத் தோன்றவே இல்லை. வலிக்கிறது என்று அழுதவளுக்கு நான் என் கையாலேயே இரண்டிரண்டு சிட்டிகையாக ஊட்டியிருக்கிறேன். வலிக்க வலிக்க ஊட்டியிருக்கிறேன். நான் ஒரு மடையன், சாதாரண மடையன்கூட இல்லை.

கொஞ்ச நாள் சும்மா இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

யோசனை இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

மத்தியானம் குளித்துவிட்டு வரும்போதே வாசனை வந்தது. என் மூக்கு அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறது. மகளின் விரதத்தை முடித்துவைக்க அரசி மிளகு ரசம் வைத்திருந்தாள், தமயந்திக்கு அது உயிர். நான் கொண்டுவராததால் முனைக் கடையில் புது டப்பா வாங்கியிருக்கிறாள். மூணு பூட்டு. அந்தக் கடைக்குச் சரக்குப் போட்டதும் நான்தான்.

தமயந்தி மனசு இறங்கி, தட்டின் முன் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துவிட்டாள். கை வாய்க்குப் போகிறது.

"தமயா, திங்காத!"

கை நின்றது. "இதையும் திருடிட்டேனாப்பா?"

துண்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நீ எதையும் திருடலடா. நாந்தான். ரசத்துல பெருங்காயம் இருக்கு. பெருங்காயத்துல மைதா இருக்கு. நீ திங்கவே இல்ல, நாந்தான் ஊட்டிருக்கேன். என்ன மன்னிச்சிரு."

அரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பினாள். என் 'வயிற்றுக்கு வாத்தியார்' கொட்டை எழுத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததைச் சத்தமாகப் படித்தாள். "உண்ணத்தக்க கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம்." பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கே கையில எடுத்தேன். நீங்கதான் படிக்க விடல." திட்டியிருந்தால் தேவலை. ரசத்தைச் சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டினாள்.

தமயந்தி கை கழுவி, வாசலுக்குப் போய் என் விற்பனைப் பையைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"தொறங்க."

திறந்தேன். சாம்பிள் டப்பாக்கள், ஆர்டர் புத்தகம், தலைவலி மாத்திரை. அடியில், நேற்று தின்ற பரோட்டாவின் வாழை இலையும் செய்தித்தாளும், பத்திரமாக மடித்தபடி.

"இது என்ன?"

"கவர் அழகா இருந்துச்சு" என்றேன்.

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். உதடு வரை வந்தது. பிறகு உடைந்து அழுதாள், ஒன்பதாம் தேதி அழாத அழுகையையும் சேர்த்து. நானும் அழுதேன். அரசி இருவரையும் பார்த்துவிட்டு, வேறு சட்டியில் தக்காளி கரைக்கப் போனாள்.

டிசம்பர் 24, செவ்வாய்

டப்பாவில் 'இதில் கோதுமை உண்டு' என்று பெரிதாகப் போட வேண்டும், அரிசி மாவில் தனியாக ஒரு சரக்கு போட வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"மைதா இருக்கது ஒமக்குத் தெரியாதாக்கும்? லாரி புடிச்சவரே நீருதான?"

"தெரியும் அண்ணாச்சி. தெரிஞ்சேதான் குடுத்திருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன். "புள்ளைக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்றார். பிறகு, "அச்சடிச்ச லேபிள் ரெண்டு வருசத்துக்குக் கெடக்கு, அது தீரட்டும்" என்றார். அப்படியானால் வயிற்று வலி, மோர் என்று இனி எந்தக் கடையிலும் என் வாயால் சொல்ல மாட்டேன் என்றேன். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவா என்றும் கேட்டேன். "சும்ம கெடவும்வே" என்றார். சாயங்காலம் போன் செய்து, ரப்பர் ஸ்டாம்ப் அடித்தால் எவ்வளவு நாளாகும் என்று விசாரித்தார்.

அந்தக் கையோடு போய் ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தேன். ஊசி குத்தியவர் மூக்கை மூடிக்கொண்டார்.

டிசம்பர் 27, வெள்ளி

எனக்கும் இருக்கிறது. வாய்ப் புண் வெயில் சூட்டால் அல்ல, உப்புசம் வயசால் அல்ல. எண்டோஸ்கோப்பி ஜனவரி ஆறாம் தேதி.

"அப்ப இன்னைக்கே கோதுமைய நிறுத்திடுறேன் டாக்டர்."

"நிறுத்தக் கூடாது சார்! இப்ப நிறுத்திட்டா குடல் ஆற ஆரம்பிச்சிரும், டெஸ்ட்ல சரியாத் தெரியாது. அதுவரைக்கும் தினமும் சாப்பிடுங்க."

ஆறு மாதமாகத் திருட்டுத்தனமாகத் தின்றதை இனிப் பத்து நாள் டாக்டர் சீட்டோடு தின்ன வேண்டும். தமயந்திதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

இது தமயந்தி எழுதுவது. இனிமேல் அப்பா சாப்பிடுவதை நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பக்க மூலையில் இருக்கும் கோதுமைக் கதிருக்கு நான் மீசை வரைந்திருக்கிறேன்.

அப்பா காலை: இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு, பெருங்காயம் போடாத சாம்பார். நல்லா இருக்கு என்று சொன்னார். பொய்.

மாலை பை பார்த்தேன். ஒன்றும் இல்லை. வாய் ஊதினார். பாக்கு.

இரவு: டாக்டர் சொன்னபடி பரோட்டா பார்சல். மாடியில் தனித் தட்டில் வைத்துக்கொண்டார். நான் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். பரோட்டாவை ரொம்ப நேரம் பிய்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று சாப்பிட்டார். இரண்டாவது வேண்டாம் என்றார். கட்டாயம் சாப்பிட வேண்டும், மருந்து மாதிரி நினைச்சுக்கோங்கப்பா என்றேன். அப்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் என்று கேட்டேன். சால்னா ரொம்பக் காரம் என்றார்.

சால்னா பொட்டலம் இன்னும் பிரிக்கவே இல்லை.